திரைக்கு அரளி, வேலிக்குக் கிளுவை

சேலம், நாமக்கல் சமவெளியில் ஓரத்தில் நடுவதற்குச் செடி தேடுகிறவர்கள் கடைசியில் அரளியில்தான் வந்து நிற்கிறார்கள். நான்குவழிச் சாலையின் நடுத்திட்டு, ஆலை வளாகம், கோழிப்பண்ணையின் சாலைப்பக்கம், கோயில் நந்தவனம், தோட்டத்து வரப்பு என்று எங்கும் அது பூத்து நிற்கிறது. ஆனால் அதைப் பற்றிய பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. தண்ணீர் கேட்காது, ஆடு மாடு தொடாது, ஆண்டு முழுக்கப் பூக்கும், ஆகவே எங்கும் வைக்கலாம் என்பது ஒரு கட்சி. விஷச்செடி, வீட்டுப் பக்கமே அண்டவிடக் கூடாது என்பது மறு கட்சி. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும் மலபார் தேவஸ்வம் போர்டும் தங்கள் கோயில்களின் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதைத் தவிர்க்க முடிவெடுத்த பிறகு இரண்டாம் கட்சியின் குரல் ஓங்கிவிட்டது. இரு கட்சியும் சொல்லும் செய்திகள் பெரும்பாலும் உண்மை. இரண்டும் எடுக்கும் முடிவுதான் தவறு. அரளியின் உரமும் அதன் நஞ்சும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க வழியில்லை. எனவே எந்த வேலைக்கு, எந்த இடத்தில் என்று கேட்டால்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். நாமக்கல் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 700 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. சேலத்தில் அதைவிடச் சற்றுக் கூடுதல். மழையின் அளவைவிட அது வரும் விதம்தான் செடிக்குச் சோதனை. ஆடியில் தொடங்கிக் கார்த்திகைக்குள் பெரும்பகுதி பெய்து முடிந்துவிடும். தை பிறந்தால் சித்திரையில் கோடைமழை எட்டிப்பார்க்கும் வரை வானம் வெறும் வானம்தான். அந்த மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் போய் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுக்கின்றன; சொந்த ஊரிலோ ஆயிரம் அடி இறக்கியும் புழுதி மட்டுமே பறக்கும் கிணறுகள் உண்டு. மண்ணும் பெரும்பாலும் செம்மண், சரளை, இடையிடையே சுண்ணாம்பு கலந்த நிலம். குடிக்கவும் பயிருக்கும் போக ஓரச் செடிக்கென்று ஒதுக்கத் தண்ணீர் இங்கே மிஞ்சுவதில்லை. முதல் ஆண்டு கைதூக்கிவிட்டால் பிறகு மழையை மட்டும் நம்பி நிற்கிற செடிக்குத்தான் இந்த மண்ணில் வேலை.

அரளி ஏன் அப்படி நிற்கிறது என்பதற்கு அதன் இலையே சாட்சி. ஒரு கணுவுக்கு மூன்று இலை. மேல்புறம் கரும்பச்சை, தோல்போலத் தடித்து, மெழுகு பூசியதுபோல வழவழக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் வெளிறியிருக்கும். நடுநரம்பிலிருந்து இருபக்கமும் நேர்கோடுகளாக நெருங்கிய கிளைநரம்புகள் ஓடும். கிளைநரம்புகளுக்கு நடுவே லென்ஸ் வைத்துப் பார்த்தால் நுண்ணிய குழிகள் தெரியும். குழிக்குள் மெல்லிய மயிர்கள் அடர்ந்திருக்கும். இலை மூச்சுவிடும் துளைகள் வெளிப்பரப்பில் திறந்து கிடக்காமல் இந்தக் குழிகளுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. வெளியே அனல்காற்று வீசினாலும் குழிக்குள் காற்று அசையாது, ஈரம் எளிதில் வெளியேறாது. மேல்தோலும் ஒற்றை அடுக்கல்ல. பல அடுக்காக அமைந்தது. அகன்ற, மெல்லிய இலை கொண்ட செம்பருத்தி பங்குனி வெயிலில் நடுப்பகலுக்குள் துவண்டு தொங்கும்போது அரளி அசையாமல் நிற்பது இந்த அமைப்பினால்தான். மத்தியதரைக் கடற்கரை தொடங்கித் தெற்காசியா வரை, கோடையில் வற்றிப்போகும் ஓடைக் கரைகளில் தானே வளரும் செடி இது. வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே ஆண்டில் பார்த்துப் பழகிய இனம் என்பதால் சேலத்துச் சரளையும் சுண்ணாம்பும் அதற்குப் புதிதல்ல.

வெயிலைத் தாங்கினால் மட்டும் இங்கே போதாது. அறுவடை முடிந்த காட்டில் ஆடும் மாடும் அவிழ்த்துவிடப்படும் சமவெளி இது. மாசி, பங்குனியில் வேறெங்கும் பச்சை இல்லாதபோது ஓரத்தில் ஒரு செடி மட்டும் பச்சையாக நின்றால் அதன் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காவலும் கம்பிவலையும் இல்லாமல் அங்கே பிழைக்க வேண்டுமானால் செடிக்கு முள் இருக்க வேண்டும், அல்லது வாயில் வைக்க முடியாத இலை இருக்க வேண்டும். இந்த ஊர்களின் பழைய ஓரச் செடிகளை வரிசைப்படுத்திப் பார்த்தாலே இது விளங்கும். கிளுவையும் காரையும் இலந்தையும் முள்ளால் பிழைத்தவை. திருகுகள்ளி பாலால் பிழைத்தது, காட்டாமணக்கு நஞ்சால், நொச்சியும் ஆடாதோடையும் வாடையாலும் கசப்பாலும். அரளி இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் நஞ்சுதான் அதன் வேலி. நஞ்சில்லாத அரளி ஒன்றை யாரேனும் உருவாக்கித் தந்தால், முதல் கோடையிலேயே அதை ஆட்டிடமிருந்து காக்க இன்னொரு வேலி போட வேண்டியிருக்கும்.

அரளி இங்கே தாக்குப்பிடிப்பதற்கு இந்த வட்டாரத்திலேயே இரண்டு பெரிய சான்றுகள் உள்ளன. ஒன்று பனமரத்துப்பட்டி. ஜருகுமலை அடிவாரத்தை ஒட்டிய இந்த ஊர்ப்பக்கம் அரளி காடுகாடாகப் பயிராகிறது. ஒரு காலத்தில் சேலம் நகருக்குக் குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரி பல ஆண்டுகள் வறண்டு, உள்ளே சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. அப்படிப்பட்ட மண்ணில் மல்லிகையையும் ரோஜாவையும்விட அரளி வேரூன்றியது தற்செயல் அல்ல. விடியுமுன் மொட்டாகப் பறித்த பூ சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு வருகிறது. அங்கே அரளி, வெள்ளை அரளி, மஞ்சள் அரளி, செவ்வரளி என்று தனித்தனி விலை சொல்லுகிறார்கள். ஆயுதபூஜை சமயத்தில் கிலோ பல நூறு ரூபாய்க்கு ஏறும். முகூர்த்தமும் திருவிழாவும் இல்லாத நாளில் பறிகூலிக்கும் காணாது. ஓரத்தில் வைத்த அரளியில் பூப் பறித்துக் காசு பார்க்கலாம் என்று எண்ணுகிறவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தையும், விடியற்காலைப் பறிப்புக்கு ஆள் வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தொழிலாகச் செய்கிறவருக்கு அது பயிர். மற்றவருக்குப் பூ ஒரு கூடுதல் வரவு, அவ்வளவே. பனமரத்துப்பட்டி நமக்குக் காட்டுவது வருமானத்தைவிட முக்கியமான ஒன்று: நீர் குறைந்த செம்மண்ணில் ஆண்டுக்கணக்காகப் பறித்தும் வெட்டியும் வந்தாலும் இந்தச் செடி திரும்பத் துளிர்த்துப் பூக்கிறது.

மற்றொரு சான்று தேசிய நெடுஞ்சாலை 44. பெங்களூரிலிருந்து சேலம், நாமக்கல், கரூர் வழியாக மதுரை போகும் இந்தச் சாலையிலும், சேலத்திலிருந்து கோவைக்குப் போகும் 544-இலும் நடுத்திட்டில் அரளி நடப்பட்டிருக்கிறது. 2015-இல் மத்திய அரசு அறிவித்த பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை சாலையோர மரநடவையும் பராமரிப்பையும் சாலைத் திட்டத்தின் பகுதியாகவே ஆக்கியது. நடுத்திட்டுச் செடி முதலாவதாகச் செய்ய வேண்டிய வேலை, எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கை ஓட்டுநரின் கண் கூசாதபடி மறைப்பது. இலை உதிராத செடியாக இருந்தால்தான் இது ஆண்டு முழுக்க நடக்கும். ஆளுயரத்துக்கு அடிமுதல் நுனிவரை அடர்ந்திருக்க வேண்டும்; வண்டி மோதினால் மரம்போல் எதிர்த்து நிற்காமல் வளைய வேண்டும்; புகையையும் தார்ச்சாலைச் சூட்டையும் பொறுக்க வேண்டும். இத்தனையும் ஒரே செடியில் கிடைப்பது அரிது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் 99-ஆம் எண் நெடுஞ்சாலையில் இதே காரணத்துக்காக மைல் கணக்கில் அரளி நடப்பட்டது. ஹிரோஷிமா நகரம், அணுகுண்டு விழுந்த மண்ணில் மீண்டும் பூத்த செடி என்று அரளியைத் தன் நகரப் பூவாகவே ஏற்றுக்கொண்டது. சாலையோர அரளி வாகனப் புகையை விழுங்கிக் காற்றைச் சுத்தமாக்குகிறது என்று சொல்வது மட்டும் மிகை. இலையில் புழுதி படியும் என்பது உண்மை, அதற்கு மேல் பெருமை வேண்டாம்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு நஞ்சு. அதைக் குறைத்துச் சொல்வது பொறுப்பாகாது. அரளியின் இலை, பூ, பட்டை, வேர், விதை எல்லாவற்றிலும் ஒலியாண்ட்ரின் முதலான நச்சுப்பொருள்கள் உள்ளன. இதயத் தசை அணுக்களில் உப்புச்சத்துகளைச் சமன்செய்யும் இயக்கத்தை அவை தடுக்கின்றன, துடிப்பு தடுமாறுகிறது. பத்து இருபது இலை ஒரு வளர்ந்த மாட்டுக்கோ குதிரைக்கோ போதும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை. பச்சை இலையின் கசப்புக்கு ஒதுங்கும் மாடு, வெட்டிப்போட்டு வாடிய இலை தீவனத்தோடு கலந்திருந்தால் ஒதுங்காது, ஆபத்து அங்கேதான். கேரளத்து முடிவுக்கு முன்பு நடந்த சாவுகளும் வாயில் போன இலையால் நிகழ்ந்தவை என்றே பேசப்பட்டன. பூத்த செடி பக்கத்தில் நின்றதால் எவருக்கும் தீங்கு வந்ததில்லை. இன்னொரு பெயர்க் குழப்பத்தையும் தெளிவாக்க வேண்டும். கூம்பு வடிவ மஞ்சள் பூவும் பச்சைக் காயும் கொண்ட மஞ்சள் அரளி வேறு இனம். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. இலங்கையில், முதலில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் தீவெங்கும், 1980-களிலிருந்து அதன் விதை நச்சு பெரும் பொதுச் சுகாதாரச் சிக்கலாக மாறியது. டிஜாக்சின் என்னும் இதய மருந்தின் நச்சை முறிக்கும் மருந்து இதற்கும் பலன் தரும் என்று 2000-ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியான இலங்கை ஆய்வு காட்டியது. ஆனால் அந்த மருந்து விலை கூடியது, எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் கிடைப்பதல்ல. எனவே ஓரச் செடியாக மஞ்சள் அரளியை வீட்டுப் பக்கம் வைக்கவே வேண்டாம். ஓரத்துக்கு உகந்ததென்று இந்தக் கட்டுரை பேசுவது செவ்வரளி, வெள்ளை அரளி, இளஞ்சிவப்பு அரளி ஆகியவற்றைப் பற்றி மட்டுமே.

அப்படியானால் செவ்வரளியையும் பிடுங்கிவிடலாமே என்றால், பிடுங்கிய இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி வருகிறது. நஞ்சில்லாத, முள்ளில்லாத செடியை வைத்தால் கம்பிவேலியும் தண்ணீரும் சேர்ந்து வைக்க வேண்டும். நஞ்சைப் பொறுத்தவரை நம் கையில் இருப்பது இடத்தேர்வு. மாட்டுத் தொழுவம், தீவனப் பயிர், சாணக்குழி, கிணற்றுமேடு, தண்ணீர்த் தொட்டி, அங்கன்வாடி, பள்ளி விளையாட்டுத் திடல், கீரையும் கறிவேப்பிலையும் வளரும் புழக்கடை ஆகியவற்றின் ஓரத்தில் அரளி கூடாது. இதற்கு விதிவிலக்கு எதுவும் வேண்டாம். சாலை நடுத்திட்டு, ஆலைச் சுற்று, கோழிப்பண்ணையின் வெளி எல்லை, சேகோ ஆலையின் புழுதிப் பக்கம், கிட்டங்கி, கல்லறைத் தோட்டம், கால்நடை மேயாத தோப்பின் காற்றடிக்கும் பக்கம் ஆகியவை அதற்குரிய இடங்கள். வெட்டிய கழிவை அகற்றிவிட்டால் இந்த இடங்களில் செடி தின்பண்டத்தோடும் தீவனத்தோடும் கலக்க வாய்ப்பு குறைவு. யாரேனும் எப்படியோ தின்றுவிட்டால் கைவைத்தியம் எதுவும் பார்க்காமல், இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். மாடு தின்றால் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தாமதம்தான் உயிரைக் குடிக்கிறது.

இரண்டாவது மறுப்பு விவசாயியுடையது: அரளி வேலியாகாது, முள்ளில்லாத செடிக்குள் எவரும் புகுந்து போகலாம். முற்றிலும் சரி. வேலி வேறு, திரை வேறு. தடுப்பது வேலியின் வேலை; மறைப்பது திரையின் வேலை. கொங்கு நாடு வேலிக்கு எப்போதோ விடை கண்டுவிட்டது. காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்பது கிளுவை. மழைக்கு முன் போத்துகளை நெருக்கமாக ஊன்றினால் அவை துளிர்த்து முள்வேலியாகிவிடும். ஒடித்த கிளை ஆட்டுக்குத் தழையுமாகும். ஆனால் கோடையில் கிளுவை இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். பூவும் கண்ணுக்குத் தெரியாது. புழுதியும் வெளிச்சமும் பார்வையும் எந்த மாதத்தில் அதிகமோ அந்த மாதத்தில் அது திரையாகாது. அரளிக்கோ முள் இல்லை, கோடையில்தான் பூவே அதிகம். ஆகவே தொழுவத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் கிளுவை. சாலைக்கும் ஆலைக்கும் அரளி. இரண்டும் தேவைப்படும் இடத்தில் எல்லைக்கல் ஓரம் கிளுவையும், மேய்ச்சல் இல்லாத உள்பக்கம் ஆறடி தள்ளி அரளியும் வைக்கலாம்.

மற்றச் செடிகளின் தகுதியை இதே அளவுகோலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். காகிதப்பூவுக்கு முள்ளும் உண்டு, பூவும் உண்டு, வறட்சியும் தாங்கும். ஆனால் தாறுமாறாகப் படரும், கவாத்து இல்லாவிட்டால் சாலைக்கு வந்துவிடும். பெயரில் மட்டும் அரளியான தங்க அரளி விரைவில் வளரும். விதையால் கண்ட இடத்தில் முளைக்கும். ஆவாரை இந்த மண்ணின் சொந்தச் செடி, பூவும் அழகு. உயரமும் அடர்த்தியும் போதாது. மருதாணி நல்ல தாழ்வேலி, பூ மணக்கும், ஆண்டுக்கு இரண்டு முறையாவது வெட்டிவிட வேண்டும். உன்னியும் சீமைக்கருவேலும் தரும் பாடம் வேறு. அழகுக்கும் ஓரத்துக்குமாக வந்த உன்னி இன்று மலையடிவாரங்களை மூடிக்கிடக்கிறது. சீமைக்கருவேலை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட வேண்டியதாயிற்று. ஓரச் செடிக்கு இருக்க வேண்டிய முதல் ஒழுக்கம், வைத்த இடத்தில் நிற்பது. இங்கே குச்சியால்தான் பெருகும் அரளி அந்த ஒழுக்கத்தில் தேறிய செடி.

மூன்றாவது மறுப்பு சூழலியல் சார்ந்தது. மூன்றிலும் இதுவே வலுவானது. அரளிப் பூவில் தேன் கிடையாது. நிறத்தையும் வடிவத்தையும் நம்பி வரும் பூச்சி ஏமாந்து போகிறது. பெரிய பச்சைப் புழுவாக இருந்து அந்துப்பூச்சியாகும் அரளிப் புழு போன்ற சில உயிர்கள் இலையில் வளர்கின்றன. அதைத் தவிர்த்தால் தேனீக்கும் குருவிக்கும் அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஒரே செடியை நெடுக நடுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கலிபோர்னியாவில் 1990-களில் சைலெல்லா என்னும் பாக்டீரியா, சாறுறிஞ்சும் தத்துப்பூச்சி ஒன்றின் வழியாகப் பரவி அரளியைக் கருகவைத்தது. எத்தனை வறட்சியைத் தாங்கினாலும் அந்த நோய்க்கு முன் செடி நிற்கவில்லை. எனவே முழு நீளத்துக்கும் அரளி மட்டும் என்ற பழக்கத்தை மாற்ற வேண்டும். மூன்று பங்கு அரளி என்றால் ஒரு பங்கு ஆவாரையும் நொச்சியும் இடையிட்டு வரட்டும். திரைக்குக் குறையும் வராது, தேனீக்கும் வழி கிடைக்கும், நோய் வந்தால் தாண்டிப் போக இடைவெளியும் இருக்கும்.

கடைசியாக, தண்ணீரே வேண்டாம் என்ற நம்பிக்கை. அரளியைக் கொல்வது வறட்சியைவிட இந்த நம்பிக்கைதான். முதல் கோடைவரை எந்தச் செடியும் குழந்தைதான். ஆடி மழையிலோ புரட்டாசிக் கடைசியிலோ நடுவது உத்தமம். பென்சில் கனத்துக்கு மேற்பட்ட முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்குச் சாய்வாக வெட்டி, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் இருக்கும்படி பையில் ஊன்றினால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். ஓர் அடிக் குழியில் மக்கிய எருவும் மேல்மண்ணும் இட்டு மூன்று அடிக்கு ஒன்றாக நடலாம். அடர்ந்த திரை வேண்டுமானால் இரண்டு வரிசையாக, மாற்றி மாற்றி. முதல் கோடையில் வாரம் ஒருமுறை நன்றாக நனையும்படி தண்ணீர். தினம் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். ஓரடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளை கூடும். புதுத் துளிரில்தான் பூ என்பதால் கவாத்தைத் தள்ளிப்போடக் கூடாது. விட்டுவிட்டால் அடி வெறிச்சோடி, திரை முழங்காலுக்கு மேல்தான் இருக்கும். சாலை வளைவிலும் திரும்பும் இடத்திலும் இடுப்புயரத்துக்கு மேல் விடக் கூடாது.

வெட்டிய கழிவுதான் இந்தச் செடி பற்றிய முழு விவாதத்தின் முடிச்சு. கையுறை போட்டு வெட்ட வேண்டும். பால் பட்ட கையைக் கழுவ வேண்டும். குச்சியை அடுப்பெரிக்கவோ, தொழுவத்தில் பரப்பவோ, சாலையோரம் குவிக்கவோ கூடாது. தனிக் குழியில் போட்டு மண் மூடிவிட வேண்டும். நடுத்திட்டுச் செடியை வெட்டிக் குப்பையை அப்படியே ஓரத்தில் விட்டுப் போகும் பழக்கம் மேயும் மாட்டுக்கு வைக்கும் பொறி. நடவுக்கு டெண்டர் விடும்போதே கழிவை அப்புறப்படுத்துவதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், அரளி மீதான குற்றச்சாட்டில் பெரும்பகுதி தானே விழுந்துவிடும்.

மழை குறைந்த இந்தச் சமவெளியில் காவலில்லாமல் நின்று ஆண்டு முழுக்க மறைக்கும் பூச்செடி வேண்டுமென்றால் அரளிக்கு இணை இன்று இல்லை. அதைத் தொழுவத்திலிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் தள்ளி வையுங்கள், முதல் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள், மூன்றுக்கு ஒன்றாக வேறு செடி கலந்து நடுங்கள், வெட்டிய குச்சியைப் புதையுங்கள். இந்த நான்கும் முடியாத இடத்தில் அரளி வேண்டாம். அங்கே கிளுவையை ஊன்றுங்கள்.